கறுப்புப் பூசிய நான்கு றிம்கள்

என் குறிப்புப் புத்தகங்களில் ஒன்றில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பக்கம் ஒரு திங்கட்கிழமை, பிந்தையது அதே வாரத்து வியாழன். முதல் மழை விழுந்த நேரத்தைக்கூட எழுதிவைக்கிறவனுக்கு, காருக்கு அந்தச் சக்கர றிம்களை வாங்கிய நாள் செவ்வாயா புதனா என்று சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஆவணி மாதம். அதில் சந்தேகமில்லை, ஏனென்றால் மனைவிக்கு அப்போது எட்டு மாதம்.

நாங்கள் தமிழர் ஊரான ஆரையம்பதியில் இருந்தோம். ஆஸ்பத்திரி வாவிக்கு அப்பால், மட்டக்களப்பு நகரில். இடையில் இரண்டு இராணுவச் சோதனைச்சாவடிகள், பிறகு கல்லடிப் பாலம். எங்களிடம் இருந்தது பின்கதவைத் தூக்கித் திறக்கிற பழைய ஜப்பான் கார். எஞ்சினில் குறையில்லை, றிம்கள்தான் மோசம். உப்புக்காற்றில் துருவேறி, டயர் பொருந்துகிற விளிம்பு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. மாலையில் அடித்த காற்று காலையில் இருக்காது. டியூப் போட்டுப் பார்த்தேன். துரு டியூபையும் கடித்தது. இரண்டு சாவடிகளுக்கு நடுவே கார் நின்றால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். டயரில் காற்றில்லை என்ற பதிலை அந்த நாட்களில் யாரும் எளிதில் நம்புவதில்லை. வலியெடுத்த பெண்ணோடு அந்த இடத்தில் நிற்பதை நினைத்தே எனக்கு உறக்கம் கெட்டது.

அந்த அளவில் இரும்பு றிம் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் நான்கு அலோய் வீல்கள், அதாவது பளபளக்கும் அலுமினிய றிம்கள், விலைபோகாமல் கிடப்பதாக எங்கள் ஊர் டயர் கடைக்காரர் சொன்னார். விலை இரும்பைவிடக் குறைவு என்றார். அங்கேயே என் சந்தேகம் தொடங்கியது.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், சாரனும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பழைய கார் சீற்றில் அமர்ந்திருந்தார். ஊரையும், மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை என்பதையும் சொன்னேன்.

“ஏன் காக்கா இவ்வளவு மலிவு?” என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“மினுங்குறத்த ஆர் சேர் இப்ப வாங்குற? மினுங்கினா இவனும் கேப்பான், அவனும் கேப்பான்.”

பதில் சரியாகத்தான் இருந்தது; இராணுவமும் இயக்கமும் கண்வைக்கிற பொருளை யார் வாங்குவார்? யோசிக்காமல் வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வீலையும் சீமெந்துத் தரையில் உருட்டி, ஆடுகிறதா என்று பார்த்தேன். கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினேன். வெடிப்பு இருந்தால் ஓசை மழுங்கும் என்று வாசித்திருந்தேன். நான்கும் கணீரென்றன. நட் துளைகளின் இடைவெளியை, வீட்டில் காரில் அளந்து வெட்டிய அட்டையை வைத்து ஒப்பிட்டேன். பொருந்தியது.

பிறகு வீல்களைக் கவிழ்த்துப் போட்டேன். உள்பக்கத்தில் அளவும், வார்த்த ஆண்டும், மாதத்துக்கான புள்ளிகளும் புடைப்பாக இருந்தன. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். மூன்றில் ஒரே ஆண்டு. நான்காவது இரண்டு ஆண்டுகள் பிந்தியது.

“இது எதில இருந்து கழட்டினது காக்கா?”

“வீல் கார்லதானே சேர் இருந்திரிக்கும், வள்ளத்திலயா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பி வராத வாகனங்கள் அக்காலத்தில் இருந்தன. அவற்றின் கதவும் கண்ணாடியும் வேறு ஊரில் வேறு காரில் தெரியும். சாவடி வரிசையில் யாராவது என் வீலைக் காட்டி, “இது எங்கட அண்ணன்ட” என்றால் என்ன சொல்வேன்?

“பில் ஏதும் இரிக்கா?” என்றேன்.

“பில் வேணுமெண்டா கொழும்புக்குப் போய்ப் புதுசு வாங்குங்க.” அப்போதுதான் அவருடைய கண் என் கையிலிருந்த புத்தகத்தில் விழுந்தது. “அதென்ன எழுதுறீங்க?”

“நம்பர்.”

“நம்பரா? ஆருக்குக் குடுக்க?”

“எனக்குத்தான்.”

அவர் எழுந்து வந்து நான்காவது வீலைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆரையம்பதியால வந்திரிக்கீங்க. கச்சேரில வேலையெண்டும் சொல்றீங்க. என்ட சாமான்ட நம்பர எழுதுறீங்க. நான் உங்கள நம்போணும், நீங்க என்ன நம்பமாட்டீங்க. நல்ல யாவாரம் சேர் இது!”

அவர் என்னை ஏமாற்றக்கூடிய வழிகளையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். பென்சிலோடு குனிந்து இலக்கம் குறிக்கிற ஒருவனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் எவரும் பயப்படுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு துண்டுத் தாளில் இருந்த பெயருக்காக ஆட்களைக் கொண்டுபோன காலம் அது.

“அந்தத் தாளக் கிழிச்சித் தாங்க. இல்லாட்டி வீல் இஞ்சயே கிடக்கட்டும்.”

அதே தாளில் அன்றைய திகதியும் காலைக் குறிப்பும் இருந்தன. மனைவியின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. கிழித்துக் கொடுத்தேன். அவர் தீக்குச்சி உரசி எரித்து, சாம்பலைச் செருப்பால் தேய்த்தார். அதன் பிறகுதான் சொன்னார்: “மூண்டும் என்ட மருமகன்ட கார்ல இருந்தது. நாலாவது கொழும்புல வாங்கிப் போட்ட. முந்தினது றோட்டுக் குழியில விழுந்து பிளந்திட்டு.”

பாதி நம்பினேன். நம்பர் எரிந்த பிறகு ஏன் சொன்னார் என்பதில் மறுபாதி நின்றுவிட்டது. ஆனாலும் வாங்கினேன்.

புது வீல்களோடு வந்த காரை மனைவி வாசலில் நின்று பார்த்தாள். “என்ன இது, கலியாணக் கார் மாதிரி? ஆமிக்காரன் மாலை போடப்போறான் உங்களுக்கு.” அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயின்ரை நான்குக்கும் பூசினேன். அழகான பொருளை அசிங்கமாக்கி வைத்துக்கொள்வது அன்று எங்களுக்குப் பழகிப்போன வேலை.

புரட்டாதியில் ஒரு விடியற்காலை வலி எடுத்தது. முதல் சாவடியில் கையசைத்து விட்டார்கள். இரண்டாவதில் இருந்தவன் ஓர் இளம் சிங்களச் சிப்பாய். காரைச் சுற்றி வந்தவன் பின் வீலுக்கு முன்னால் குந்தினான். திறப்புச் சாவியின் முனையால் சுரண்டினான். கறுப்புக்கு அடியில் வெள்ளி மினுங்கியது.

“இது நல்ல வீல். ஏன் கறுப்பு அடிச்சது?” அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

உண்மைப் பதில் ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படக்கூடாது என்று. அதைச் சொல்ல முடியாது. அவன் வீல் நட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் அடையாள அட்டையை மறுபடி கேட்டான்.

பின்சீற்றில் இருந்து மனைவி கத்தினாள்: “அவருக்கு உலகத்தில ஒருத்தரிலயும் நம்பிக்கை இல்ல, தம்பி! நான் விட்டிருந்தா என்ட வயித்துக்கும் கறுப்பு அடிச்சிருப்பார்!”

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. குனிந்து உள்ளே பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் அட்டையை என் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தடையைத் தூக்கினான்.

பாலத்தின் நடுவில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று மெலிதாக, விட்டு விட்டு. நான்காவது வீல்தான் என்று முடிவுகட்டினேன். அதைப் பின்பக்கம் இடதுபுறம் போட்டிருந்தேன். இங்கே நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினேன். வாவிக் காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை. தலையை உள்ளே எடுத்தேன். மறுபடியும் அதே சத்தம்.

அது காருக்குள்ளிருந்துதான் வந்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னத்தப் பாக்குறீங்க வெளியில?” என்றாள். “ஓட்டுங்க.”

ஓட்டினேன்.