புதன்கிழமை என்று எழுதிவிட்டேன்

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டச் சான்றிதழை அனுப்பாவிட்டால் அது போய்விடும். சான்றிதழோ திருப்பதியில், நான் படித்த கல்லூரியின் அலுவலகத்தில், கையெழுத்துக்காகக் கிடந்தது.

அவகாசம் கேட்டு ஜெர்மனில் மின்னஞ்சல் எழுதினேன். முதல் வரைவு பள்ளிக்கூட விடுமுறைக் கடிதம் போல வந்தது: வீட்டு நிலவரம், பஸ் வசதி, மூன்று மன்னிப்பு. அழித்தேன். ஜெர்மன் வகுப்பில் எழுதிவைத்த பட்டியலில் ஐந்தே இருந்தன. வணக்கம், விண்ணப்ப எண், ஒரு வரியில் காரணம், புதிய தேதி, நன்றி. நான்காவதில் நின்றுவிட்டேன்.

வியாழக்கிழமை எங்கள் ஊர் நகரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் எழுத்தரிடம் கேட்டேன்.

"புதவாரம் வாம்மா, ஆயிப்பூடும்" என்றார், பைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

திரும்பும் பஸ் வடமாலபேட்டையைத் தாண்டுவதற்குள், அடுத்த புதன்கிழமை வரை அவகாசம் தர இயலுமா என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் நைனா விசைத்தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "புதன்கிழமைன்னே போட்டுட்டியா?"

"அவர்தான் சொன்னாரு."

"நான்கூடத்தான் புடவ வியாபாரிகிட்ட திங்கக்கிழமைன்னு சொல்லிக்கினு கீறேன். அவன் திங்கக்கிழமையா வர்றான்? ரெண்டு நாள் உட்டுத்தான் வர்றான்."

மறுநாள் பதில் வந்தது. நான்கே வரி. புதன்கிழமை, அவர்கள் நேரப்படி பகல் பன்னிரண்டு வரை. அதற்குமேல் நீட்டிக்க இயலாது.

திங்கட்கிழமை என் கடிதத்தையும் அந்தப் பதிலையும் அச்செடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் பேர போட்டுக்கீறியா?"

"இல்ல சார். நீங்க சொன்ன புதன்கிழமைய மட்டும் போட்டேன்."

"வாய்க்கு வந்தத சொன்னேன். அத ஜெர்மனி வரைக்கும் சொல்லிட்டியாம்மா?" தாளை என்னிடம் நீட்டி, "வியாழக்கிழமைன்னா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

"மாட்டாங்க சார்."

அடுக்கிலிருந்து என் பைலை உருவி மேலே வைத்தார். வைத்ததோடு சரி.

புதன்கிழமை காலையிலிருந்து அவர் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்களின் பன்னிரண்டு நமக்கு மூன்றரை. கையெழுத்து இரண்டு ஐம்பதுக்கு வந்தது. எதிர்க்கடையில் ஸ்கேன் செய்து அனுப்பியபோது மூன்று பன்னிரண்டு.

உடனே பஸ் ஏறவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போனில் இரண்டாவது அவகாசக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. அதில் தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். நான்கு மணிக்கு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. அதை மூன்று முறை படித்த பிறகுதான் அந்தக் கடிதத்தை அழித்தேன்.