ஸுலைஹா ராத்தா கை போட்டால்

இந்த ரயிலில் நான் ஏறுவதில்லை, வருடக்கணக்காகிவிட்டது. உம்மா சிலாபத்தில் மூத்த நாநா வீட்டில் மௌத்தான காலையில், முந்தலுக்கும் பாலாவிக்கும் நடுவே எங்கள் தரிப்பிடத்தில் நின்றேன். நேர அட்டவணையில் இடத்தின் பெயர் இருந்தது. ரயில் நிற்கவில்லை. தெருவுக்கு ஓடி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மையவாடியில் ஈரமண்தான் கிடந்தது. இப்போதும் அதன் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஊர் ஸுலைஹா ராத்தாவோ அதற்குக் கை போடுகிறார், பஸ்ஸை மறிப்பதுபோல. களப்பு நீரிலிருந்து ஏறிவரும் பனியில் தண்டவாளம் கொஞ்சத் தூரத்திலேயே கரைந்துவிடும். இறால் பண்ணைச் சக்கரங்கள் எங்கோ தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். பச்சைக் குடையும் கருவாடு போட்ட பனையோலை உமலுமாக அவர் தனியே நிற்பார். ரயில் கூவியதும் கை தானாக எழும்பும். "கை போடாட்டி அவனுக்கு எப்பிடி விளங்கும்?" என்பார்.

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். சிலாபச் சந்தைதான் பிழைப்பு. சீசன் டிக்கெட்டை விற்றுவிட்டு ஏற்றாமல் போவது என்ன நியாயம் என்று, யுத்தம் ஓய்ந்து சில வருடங்களில் ரயில்வே மேல் சிவில் வழக்குப் போட்டார். ஊரே சிரித்தது. "என்ன ராத்தா, கோச்சிய கோட்டுக்கு இழுக்கப் போறீங்களா?" என்று நானும் கேட்டேன்.

"இழுக்கத் தேவல்ல தம்பி. நிப்பாட்டினாப் போதும்."

விசாரணைக்கு அவரோடு நானும் போனேன். ரயிலை எப்படி மறித்தீர்கள் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். ராத்தா சாட்சிக்கூட்டிலேயே கையை நீட்டிக் காட்டினார். அது பஸ் இல்லையே அம்மா என்றார் அவர்.

"பஸ் எண்டா பின்னால இன்னொண்டு வரும், மகன். எங்களுக்கு இது ஒண்டுதான்."

பயணி நின்றால் ரயிலும் நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் யாருமே ஏறாமல் காலம் போனால், அந்தக் கட்டளையை நீக்கச் சொல்லி ரயில்வேக்காரர்கள் திரும்பவும் கோட்டுக்குப் போகலாம் என்று ராத்தாவின் சட்டத்தரணி சொல்லிவைத்தார். ஊராருக்கோ பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் பழகிவிட்டன. அதனால் ராத்தா ஒரு காலையையும் விடுவதில்லை. கருவாடு இல்லாத நாளிலும் வெறும் உமலோடு ஏறி, முந்தலில் இறங்கி, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புவார். காய்ச்சலோடும் போயிருக்கிறார்.

வேலிக்கு இப்பால் நின்று நானும் பார்த்திருக்கிறேன். பனிக்குள் முதலில் விளக்கு மட்டும் மிதந்து வரும். பிறகு, நித்திரையில் நடப்பதுபோல ரயில் வந்து அந்த ஒற்றைக் குடைக்கு முன்னால் நிற்கும். அவர் ஏறியதும் மறுபடி பனிக்குள் போய்விடும். நின்றதா இல்லையா என்றுகூடச் சந்தேகம் வரும்.

இன்று பின்னேரம் ராத்தா மன்னாருக்குப் போனார். மகள் சுல்பாவுக்குப் பிள்ளைப்பேறு. பஸ்ஸடிக்கு என் முச்சக்கர வண்டியில்தான் வந்தார். இறங்கியதும் குடையை என் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.

"நான் வாற மட்டும் நீங்க நில்லுங்க தம்பி. கைய மட்டும் போட்டுட்டுத் திரும்பிராதீங்க. ஏறுங்க."