சடுகுடுப் பரிசுச் சேலை

"...இன்னும் மடிப்புக்கூடக் கலைக்கலய்யா. இத அவுகளுக்குப் போத்துங்க" என்று சேலையை நீட்டினாள், எங்கள் மில்லில் நூல் சுற்றும் கருப்பாயி.

யுத்த காலம் அது. தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு நான் மேனேஜர். என் மனைவி இறந்து கிடந்தாள். பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச் சேலை போர்த்தாமல் எடுக்கக்கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அண்ணனான என் மைத்துனரோ கம்பம் வரை கடைகடையாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு நின்றார். துணிக்கு அப்படியொரு பஞ்சம். மில்லில் நூல் மலையாகக் கிடந்து என்ன செய்ய?

எனக்குச் சடுகுடு என்றால் உயிர். வீரபாண்டித் திருவிழாவில் மில் ஆட்களை ஆடவிடுவேன். இந்தப் பஞ்சம் வருவதற்கு முன்னால் ஒரு வருஷம், ஜெயித்தவர்களுக்கு வேட்டி கொடுக்கலாம் என்றேன்.

"காலு சுளுக்கி வந்தா எண்ணெய் போட்டு நீவுறது பொண்டாட்டிதான? சேலையாக் குடுங்க" என்று சிரித்தாள் என் மனைவி. அவளே பார்த்து எடுத்த சேலைகளில், கருப்பாயியின் புருஷன் ஜெயித்து வாங்கியதுதான் இது.

"நீ கட்டியிருக்கிறதே கிழிசலா இருக்கே, ஆத்தா" என்றேன் கருப்பாயியிடம்.

"இருக்கட்டும்யா."

"பொறந்த வீட்டுக் கோடியில்ல வேணும்?" என்றாள் ஒரு கிழவி.

ஊருக்கெல்லாம் கொடுக்கிறவன் என்று எனக்கொரு நினைப்பு உண்டு. அன்று கைநீட்டி வாங்கக்கூடத் தெரியாமல் நின்றேன்.

கருப்பாயி சேலையை என் மைத்துனர் கையில் வைத்தாள். "அண்ணன் கொண்டாந்ததா இருக்கட்டும்" என்றாள். பிறகு தன் முந்தானைக் கிழிசலை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டு, அழுகிற பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.