முழங்கைக்கு ஓர் இடம்

கெல்சன்கிர்ஷன் நகர நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த லோதர் நோவாக், கடைசி வரைக்கும் மஞ்சள் நிற ஓப்பல் மான்டா காரைத்தான் ஓட்டினான். பனி கொட்டினாலும் கண்ணாடியை இறக்கி, இடது முழங்கையை வெளியே வைத்திருப்பான். மான்டாக்காரன் என்றாலே மடையன் என்று நாடே ஜோக்கடித்துக்கொண்டிருந்த காலம். மதுக்கடையில் அவனை விடாமல் சீண்டியவன் கூட்டாளி யூப்.

"உன் சவப்பெட்டியில ஓட்டை போட்டாத்தான்டா ஆச்சு. இல்லேன்னா முழங்கைய எங்க வைப்ப?"

லோதரும் சிரித்துவிட்டு அவனுக்கு ஒரு பீர் சொல்வான்.

ஒரு ஜனவரியில் லோதர் செத்துப்போனான். சவ வண்டிக்குப் பின்னால் அவன் மனைவி ரோஸ்வித்தா ஓட்டிவந்த மான்டா, கல்லறைக்கு ஏறும் மேட்டுப் பாதையில் வழுக்கி நின்றுவிட்டது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. பின்னால் கனம் இல்லாவிட்டால் பனியில் ஏறாது.

நடந்துவந்த மதுக்கடைக் கூட்டத்தை அவள் கூப்பிட்டாள். "தடியனுங்களா, பின்னால ஏறுங்க. யூப், நீ ஓட்டு. எனக்குப் பனியில மேடேத்த வராது."

அந்த வண்டியில் சாகும்வரை ஏறமாட்டோம் என்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வண்டி முனகிக்கொண்டே ஏறியது. யூப் பக்கம் இறக்கியிருந்த கண்ணாடி வழியே உள்ளே பனி அடித்தது.

"கண்ணாடிய ஏத்து யூப், குளிருது."

யூப் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஏத்திட்டா முழங்கைய எங்க வைக்கிறது, ரோஸ்வித்தா?"