கல் வைக்காமல் இறங்கிய அண்ணன்

ரவி அண்ணே, உங்க சாப்பாட்டுத் தட்டை அம்மா இன்னும் கழுவி வைக்கிறாங்க.

புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் கொழுந்து லொறி ஓட்டினார்; உதவிக்கு நானும் கூடப் போவேன். ஒருநாள் மழையில், ஏற்றத்துச் சேற்றில் லொறி புதைந்தது. முதல் கியரையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டார். சக்கரம் சுற்றியதே தவிர ஏறவில்லை.

"என்னாண்ணே, என் கல்யாணத்துக்குள்ளயாவது வெளிய வருமா?" என்றேன்.

"வாயாடி, போயி மிலாறு அள்ளிக்கிட்டு வா. கொழுந்து வாடுனா தொர ஏசுவாரு!"

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அள்ளி வந்தேன். அண்ணன் அவசரத்தில் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை நம்பி இறங்கி, பின்சக்கரத்தடியில் அவற்றைத் திணித்தார். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. லொறி பின்னால் சறுக்கி அவர்மேல் ஏறியது. அங்கேயே உயிர் போய்விட்டது.

இப்போது எந்த லொறி புதைந்தாலும் நான் முதலில் கல்லைத்தான் தூக்குகிறேன். "கியர்ல போட்டுட்டு எறங்குங்க" என்று டிரைவரிடம் கத்துகிறேன்.

எங்கள் ரவி அண்ணனுக்காக நீங்களும் ஒரு விளக்கேற்றிக் கும்பிடுங்கள்.