பகலில் உறங்கியவர்கள்

சிலி நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவரின் வாழ்நாள் தொகுப்பை இன்று புரட்டினேன். மதுக்கடை மேசையில் தலைசாய்த்து உறங்கும் பாடகனின் படத்தில், சென்ற மாதம் காலமான என் அண்ணன் நினைவுக்கு வந்தார். ஓசூரில் அப்பா தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அறைகளில், ஒருவர் வேலைக்கு எழுந்துபோன சூட்டிலேயே இன்னொருவர் வந்து படுக்கும் கட்டில்களும், கொடியில் காயும் நீலச் சட்டைகளின் எண்ணெய் வாடையும், கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த சிரிப்பும் நிறைந்திருந்தன. அங்கே இரவுப் பணி முடித்தவர்கள் பகலில் உறங்குவதையே அண்ணன் ஓயாமல் படமெடுத்தார். திருநெல்வேலிக்காரர் ஒருவர் தம் படத்தை வீட்டுக்கு அனுப்ப, இறந்தவர்களைத்தான் கண்மூடிய நிலையில் எடுப்பார்கள் என்று நம்பிய அவருடைய தாய், அழுதபடி ஓசூரில் வந்து இறங்கினார்.

"ஏ அம்மா, நைட் டூட்டி பாத்துட்டு ஒறங்குனேம்லா!" என்றார் மகன்.

அப்பா அண்ணனிடம் திரும்பினார். "உசுரோட இருக்கறவன பொணமாக்கிட்டியேடா! கண்ணாலம் காச்சின்னு போயிப் படம் புடி."

அண்ணனின் படச்சுருள்களை அப்பா அன்றே எரித்தார்.

சிலிக்காரர் முதுமைவரை தம் நகரத்து மனிதர்களை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அண்ணன் கடைசிவரை கல்யாணங்களை எடுத்தார். யாரேனும் கண்ணிமைத்துவிட்டால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி எடுப்பார்.