அம்மாவுடன் மகாபலிபுரம், செருப்போடு

1976 மார்ச் மாதம். அப்போது செங்கல்பட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்திருந்தாள், தொழுநோய் மருத்துவமனையில் கடைசிப் பரிசோதனைக்காக. ஆறு வருடம் மாத்திரை சாப்பிட்டவள். நோய் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் மடங்கிய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பாதத்தில் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது.

அந்த ஆறு வருடத்தில் அவளை ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. மருத்துவமனை வாசலில் நின்று, மகாபலிபுரம் போகலாமா என்று கேட்டாள். நான் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கூட்டிப் போகலாம் என்றிருந்தேன். கோயில் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும்; வெயிலேறிய படியில் பாதம் கொப்பளித்தாலும் அவளுக்குத் தெரியாது. மகாபலிபுரத்து ரதங்களைச் செருப்போடு பார்க்கலாம் என்று வார்டில் யாரோ சொல்லியிருந்தார்களாம்.

மறுநாள் காலை ஆறரைக்கு பஸ். இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் தொண்ணூறு பைசா. ஏறியதுமே என் முந்தானையை அவள் கைமேல் போட்டு மூடினேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அம்மா முந்தானையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. அம்மாவின் கையைப் பார்த்த ஒருவர் விலகிப் போய்க் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். கண்டக்டர் வந்தார்.

"இன்னாமா, ஜனங்க பயப்படுறாங்க இல்ல? எறங்கிக்கோ. பின்னால வேற வண்டி வருது."

பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். இறங்கிவிடலாம் என்று பாதி எழுந்தும் விட்டேன். அம்மா அந்த மடங்கிய விரல்களாலேயே என் மணிக்கட்டை இழுத்து உட்கார வைத்தாள்.

"வியாதி போயிடுச்சுப்பா. கை இப்பிடித்தான் இருக்கும். நான் எறங்க மாட்டேன், நீ வண்டிய எடு."

வண்டி நகரவில்லை. நாலைந்து பேர் இறங்கிப் போனார்கள். அம்மா ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போகும் ஒரு பெண் காலிக் கூடையோடு ஏறி, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி எங்கள் சீட்டிலேயே உட்கார்ந்தாள். நேரமாகிறது என்று டிரைவர் முன்னாலிருந்து சத்தம் போட்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

மகாபலிபுரத்தில் இறங்கி ஐந்து ரதங்களுக்கு நடந்தே போனோம், ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மருத்துவமனையில் கொடுத்த தடித்த ரப்பர் செருப்போடு அம்மா மணலில் மெல்ல நடந்தாள். கல் யானையை இரண்டு முறை சுற்றி வந்தாள். பிறகு, விரலில் உணர்வில்லாததால், முழங்கைக்கு மேலே கையை அதன் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

"சூடு தெரியுதுடி," என்றாள்.

பஸ்ஸில் நான் எழுந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் அடுத்த ரதத்துக்குப் போய்விட்டாள்.

பாதத்தில் உணர்வு குறைந்தவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் மணலை விட்டு வந்துவிடுங்கள். தடித்த செருப்பு வேண்டும். மாலையில் வீடு வந்ததும் பாதத்தை நீங்களே பார்த்துவிடுங்கள், புண் இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். டாக்டர் சீட்டையும் எடுத்துப் போங்கள், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்த மாதமே அம்மா மறுபடி வந்தாள். பரிசோதனை ஒன்றும் இல்லை. வேடந்தாங்கலுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாள்.